புகையை விரட்டிய பிரபு

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் மாலை நேரம். வாசலில் மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டியிருக்கிறது. கடற்காற்று இந்தப் பக்கம் வீசினால் தீ அந்தப் பக்கம் சாய்கிறது. சட்டியில் மடவை மீன் குழம்பு கொதிப்பதற்குள் எடுத்து வைத்த சவுக்கு விறகு தீர்ந்து விடுகிறது. ஊதுகுழலால் ஊதி ஊதி அடுப்படியில் இருக்கும் அம்மாளின் கண்கள் சிவந்து விட்டன.

சமையல் வாயு வந்து விட்டது உண்மைதான். ஆனாலும் வெந்நீருக்கும், விருந்துக்கும், சிலிண்டர் தீர்ந்துபோன நாளுக்கும் விறகடுப்பு மூட்டுகிற வீடுகள் இன்னும் உண்டு.

அதே ஏரிக்குத் தெற்கே, எண்ணூர்ப் பக்கம் போனால் வேறோர் அடுப்பைப் பார்க்கலாம். வடசென்னை அனல் மின் நிலையம் அது. 1994-ல் ஓடத் தொடங்கியது. அங்கே நிலக்கரியை மாவாக அரைத்து, காற்றோடு ஊதி எரிக்கிறார்கள்.

ஒன்று முழ அளவு அடுப்பு. மற்றொன்று மலை போன்ற அடுப்பு. இரண்டுக்கும் கேள்வி ஒன்றுதான். மூட்டிய தீயில் எவ்வளவு வேலைக்கு ஆகிறது? எவ்வளவு வானத்துக்குப் போகிறது?

இந்தக் கேள்வியை அரண்மனையிலும் கேட்டு, ஏழைகளின் சமையற்கட்டிலும் கேட்டு, விடையும் கண்டவர் ஒருவர் இருந்தார். ரம்போர்டு பிரபு என்று உலகம் அவரை அழைக்கிறது. அவர் மறைந்து 200 ஆண்டுகளுக்கு மேல் ஆகி விட்டன.

கடைப் பையன்

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் வோபர்ன் என்பது ஒரு சிற்றூர். அங்கே 1753 மார்ச் 26-ந் தேதி ஓர் உழவர் வீட்டில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் பெஞ்சமின் தாம்சன். தளர்நடை போடும் வயதிலேயே தந்தையை இழந்தார்.

13-வது வயதில், சேலம் என்ற துறைமுகப்பட்டினத்தில் கடைப் பையனாகச் சேர்ந்தார். (நம் ஊர்ச் சேலம் அல்ல, அமெரிக்காவிலும் ஒரு சேலம் இருக்கிறது.) ஊரில் ஒரு கொண்டாட்டம் வந்தது. வாண வேடிக்கைக்கு மருந்து இடித்தான் பையன். மருந்து வெடித்தது. உடம்பெல்லாம் தீக்காயம். நெருப்போடு அவர் கொண்ட முதல் உறவு அது!

காயம் ஆறியது. நெருப்பின் மேல் கொண்ட ஆசை ஆறவில்லை. பாடம் கேட்பதற்காக ஹார்வர்டு கல்லூரிக்குக் கால்நடையாகவே போய் வந்தார். பிறகு பள்ளி ஆசிரியர் ஆனார்.

1772-ல் அவருக்குத் திருமணம் நடந்தது. அப்போது வயது 19. மணமகள் செல்வம் மிக்க ஒரு விதவை. அவரை விடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவர். அவர்கள் வாழ்ந்த ஊருக்குப் பழைய பெயர் ரம்போர்டு. இரண்டு ஆண்டில் சாரா என்று ஒரு பெண் குழந்தையும் பிறந்தது.

அப்போது அமெரிக்க விடுதலைப் போர் மூண்டது. தாம்சன் இங்கிலாந்து அரசரின் கட்சி. இங்கிலாந்துப் படைக்கு இரகசியச் செய்தியும் அனுப்பினார். ஊரார் சந்தேகப்பட்டார்கள், கூட்டம் திரண்டு வந்தது. மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு அவர் ஓடிப்போனார். 1776-ல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். அந்த மனைவியை அவர் பிறகு பார்க்கவே இல்லை. 1792-ல் அந்த அம்மாள் காலமானாள்.

உலகத்துக்கு அடுப்பு கட்டிக் கொடுத்தவரின் சொந்த வீட்டு அடுப்பு இப்படித்தான் அணைந்தது.

பிச்சைக்காரர்களின் மாளிகை

லண்டனில் துப்பாக்கி மருந்தின் வேகத்தை அளந்து பெயர் பெற்றார். ராயல் சொசைட்டி அவரை 1779-ல் அங்கத்தினர் ஆக்கிக் கொண்டது. பிறகு ஜெர்மனியில் பவேரியா நாட்டை ஆண்ட கார்ல் தியோடரிடம் வேலைக்குப் போனார். பட்டாளத்தைச் சீர்திருத்தும் பொறுப்பு அவர் கைக்கு வந்தது.

அக்காலத்தில் மியூனிக் நகரம் பிச்சைக்காரர்களால் நிறைந்திருந்தது. 1790 ஜனவரி முதல் தேதி தாம்சன் தெருவில் இறங்கினார். முதல் பிச்சைக்காரரின் தோளில் தாமே கை வைத்தார். அவர்களை அனுப்பியது சிறைக்கு அல்ல, வேலை இல்லத்துக்கு! அங்கே சுத்தமான அறை, கதகதப்பு, சூடான சாப்பாடு, கைக்கு வேலை, வேலைக்குக் கூலி எல்லாம் தயாராக இருந்தன. பட்டாளத்துக்கு வேண்டிய உடுப்புகள் அங்கே தயாராயின. மனிதனை நல்லவனாக்கிய பிறகுதான் சுகம் தர வேண்டும் என்பது ஊர் வழக்கு. முதலில் சுகத்தைக் கொடு, நல்ல குணம் தானே வரும் என்பது அவர் கட்சி.

ஆயிரக்கணக்கான வயிறுகள்! வாற்கோதுமையும் பட்டாணியும் உருளைக்கிழங்கும் சேர்த்துக் கஞ்சி காய்ச்சினார்கள். தானியச் செலவைக் கணக்கிட்டவர் விறகுச் செலவையும் கணக்கிட்டார். திறந்த அடுப்பில் வெப்பத்தின் பெரும் பகுதி வீணாகிறது என்று கண்டார்.

அடுப்பின் வயிற்றில் ஒரு தட்டு

அவர் கட்டிய அடுப்பு எப்படிப்பட்டது? நம் வீட்டுக் குமுட்டி அடுப்பை நினைத்துக் கொள்ளுங்கள். கரி ஒரு துளைத்தட்டின் மேல் தங்குகிறது. சாம்பல் கீழே உதிர்கிறது. அடி வாயில் வழியாகக் காற்று நுழைந்து, கரியின் ஊடே ஏறுகிறது. அதே தத்துவம்தான்.

ரம்போர்டு ஒவ்வொரு பாத்திரத்துக்கும் செங்கல்லால் தனித்தனிக் குழி கட்டினார். குழிக்குள் இரும்புக் கம்பித்தட்டு வைத்தார். தட்டைக் கிண்ணம் போலக் குழிவாகச் செய்தார். எரிய எரியக் கங்கு நடுவில் வந்து கூடிக் கொள்ளும். தட்டுக்குக் கீழே சாம்பல் குழி. அதன் கதவில் ஒரு சிறு மூடி. மூடியைத் திறந்தால் தீ எழும், சாத்தினால் அடங்கும். சூடான புகை நேரே ஓடிப் போகாமல் பாத்திரத்தைச் சுற்றி வந்து, வெப்பத்தைக் கொடுத்துவிட்டே புகைபோக்கிக்குள் நுழையும்.

தீக்கு அடியில் செல்லும் காற்று தீயை வளர்க்கிறது. தீக்கு மேலே செல்லும் காற்று வெப்பத்தைத் திருடுகிறது. அவருடைய அடுப்புகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான். ஊதுகுழலைக் கங்கின் அடியில் வைத்து ஊதுகிற நம் பாட்டிமாருக்கும் இது தெரியும். அவர் அதை அளந்து கட்டினார்.

இத்தாலியில் வெரோனா நகர மருத்துவமனைகளிலும் இத்தகைய சமையற்கட்டுகளை அமைத்தார். எட்டுப் பங்கு விறகு எரிந்த இடத்தில் ஒரு பங்கே போதுமானதாக இருந்தது என்று கணக்கு எழுதி வைத்தார்.

பவேரியாவில் செய்த பணிக்குப் பரிசாக அவருக்குப் பிரபு பட்டம் கிடைத்தது. என்ன பெயர் வேண்டும் என்ற கேள்வி வந்தபோது, தாம் விட்டு ஓடி வந்த ஊரின் பெயரையே எடுத்துக் கொண்டார். தாம்சன், ரம்போர்டு பிரபு ஆனார்.

லண்டன் புகை

1795-ல் அவர் லண்டனுக்குத் திரும்பினார். அது நிலக்கரி எரித்த நகரம். வீட்டுக்கு வீடு குளிர்காயும் கணப்பு. ஆனால் கணப்பின் முன் உட்கார்ந்தவர்களுக்கு முகம் வேகும், முதுகு நடுங்கும், அறை முழுவதும் புகை!

குற்றம் எங்கே என்று பார்த்தார். புகைபோக்கியின் தொண்டை அகலமாக இருந்தது. கரி வைக்கும் இரும்புக் கம்பித்தட்டோ பெரிதாக, உள்ளே தள்ளி இருந்தது. அறையின் சூடான காற்றெல்லாம் தீக்கு மேலாக ஓடிப் போயிற்று.

அவர் செய்த மாற்றம் சிறியது. தொண்டையை 4 அங்குலமாகக் குறுக்கினார். பின் சுவரை முன்னால் கொண்டு வந்தார். பக்கச் சுவர்களைச் சாய்த்து, வெப்பம் அறைக்குள் திரும்பும்படி செய்தார். தட்டைச் சுற்றி இருந்த இரும்பை எடுத்துவிட்டு, சூளைச் செங்கல் வைத்துத் தட்டைச் சுருக்கினார். குறைந்த கரி, கூடுதல் வெப்பம், புகை இல்லை. கொத்தனார்களுக்கு இந்த வேலையைக் கற்றுக் கொடுத்தார். 1796-ல் கட்டுரையாக அச்சிட்டு ஊருக்கெல்லாம் சொன்னார்.

பெரிய வீடுகள் எல்லாம் ரம்போர்டு கணப்புக்குப் பறந்தன. ஜேன் ஆஸ்டின் தம் நாவல் ஒன்றில் அதைக் குறிப்பிட்டார். கேலிச் சித்திரக்காரர்கள் பிரபுவையே கணப்பு முன் நிறுத்திப் படம் போட்டார்கள். பேடண்ட் எடுத்திருந்தால் பணம் கொட்டியிருக்கும். அவர் எடுக்கவில்லை. யார் வேண்டுமானாலும் கட்டிக் கொள்ளட்டும் என்று விட்டு விட்டார். அந்த ஆண்டிலேயே, விட்டுப் பிரிந்த மகள் சாரா 21 வயதுப் பெண்ணாக லண்டன் வந்து தந்தையைப் பார்த்தாள்.

நெருப்பில்லாமல் கொதித்த நீர்

அவருடைய மிகப் பெரிய கண்டுபிடிப்பு மியூனிக் ஆயுதசாலையில் கிடைத்தது. பீரங்கிக் குழாயைத் துளைக்கும்போது உலோகம் கொதிப்பதைக் கவனித்தார். மழுங்கிய துளையூசியை வைத்து, குதிரைகளைக் கட்டிச் சுற்ற விட்டார். குழாயைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்தார். இரண்டரை மணி நேரத்தில் தண்ணீர் கொதித்தது. நெருப்பே இல்லை!

வெப்பம் என்பது ஒரு திரவம் என்று நம்பிய காலம் அது. உராய உராயக் குறையாமல் வருவது திரவமாக இருக்க முடியாது. அது இயக்கம் என்று அவர் 1798-ல் எழுதினார். அடுத்த ஆண்டு லண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷன் தோன்ற முன்னின்றார். ஹம்ப்ரி டேவி என்ற இளைஞரை அங்கே வேலைக்கு அமர்த்தியவரும் இவரே.

கடைசிக் காலம் பாரிஸில் கழிந்தது. 1805-ல், விஞ்ஞானி லவாசியேயின் விதவையை மணந்தார். வீடு போர்க்களம் ஆயிற்று. அம்மாள் அழைத்த விருந்தாளிகள் உள்ளே வராதபடி பிரபு வாசற்கதவைப் பூட்டினார். அம்மாள் கொதிக்கும் நீரைக் கொண்டு வந்து அவருடைய பூஞ்செடிகளில் ஊற்றினார். 1809-ல் பிரிந்தார்கள். வெப்பம் வெளியேறாது என்று சொல்லிக் குளிர்காலத்தில் வெள்ளை உடையே அணிந்து, தெருவார் சிரிக்கத் தனியே நடந்தார். 1814 ஆகஸ்டு 21-ல் காலமானார்.

நம் அடுப்பு

மனிதரோடு ஒத்து வாழத் தெரியாதவர் அவர். ஆனால் முகம் அறியாத ஏழையின் கண் எரியக் கூடாது என்று கவலைப்பட்டார். அந்தக் கவலை இன்னும் தீரவில்லை. வீட்டுப் புகையால் 2020-ல் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் மாண்டதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது.

நம் நாட்டிலும் முயன்றார்கள். ஐதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த டாக்டர் எஸ். பி. ராஜு, புகையில்லா அடுப்பைப் பற்றி எழுதிய நூல் 1953-ல் சென்னையில் வெளிவந்தது. 1980-களில் மத்திய சர்க்கார் ஊர் ஊராகப் புகையில்லா அடுப்பு கட்டிக் கொடுத்தது. பல அடுப்புகள் பழுது பார்க்க ஆள் இல்லாமல் இடிந்து போயின. ரம்போர்டு கொத்தனாருக்குக் கற்றுக் கொடுத்ததன் அருமை இங்கேதான் புரிகிறது.

ஒரு காலத்தில் பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாகத் தோணி தோணியாகச் சென்னைக்கு விறகு போயிற்று. இன்று கால்வாயில் தோணி இல்லை. மலிவான விறகும் இல்லை.

குப்பத்து அம்மாளுக்குப் பிரபு வந்து அடுப்பு கட்டித் தர முடியாது. ஆனால் மூன்று கல்லைச் சுற்றிக் காற்று புகாமல் களிமண் சுவர் எழுப்பலாம். விறகின் அடியில் நாலு இரும்புக் கம்பி குறுக்கே வைத்து, கீழே ஒரு துவாரம் விடலாம். சாம்பலை அடிக்கடி தட்டி விடலாம். செலவு அதிகம் இல்லை. கடற்காற்று வெளியே வீசிக் கொண்டிருக்கும். தீ சட்டியின் அடியிலேயே நிற்கும்.