அணுவியல் மேதை ஹோமி பாபா

காற்றைக் கண்ணால் காண இயலாது. ஆயினும் இலை அசைவதால் காற்று வீசுவதை அறிகிறோம். நெருப்பின் வெப்பத்தைத் தோல் உணர்த்துகிறது. உணவு கெட்டுப்போனதை மூக்கு உணர்த்துகிறது. ஆனால், ஐம்பொறிகளுள் எதற்குமே புலப்படாத ஆற்றல் ஒன்று உண்டு. அதுவே கதிர்வீச்சு. அஃது உடலை ஊடுருவிச் செல்லும்போது வலியில்லை, ஒலியில்லை, மணமில்லை. அளவோடு பயன்படுத்தினால் நோயைக் கண்டறியவும் தீர்க்கவும் அது துணை செய்யும். அளவு கடந்தால் உயிரையே குடிக்கும். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று நம் முன்னோர் கூறியது இதற்கு முற்றிலும் பொருந்தும்.

இவ்வாற்றலின் இயல்பை ஆராய்ந்து, அதனை அளக்கும் கருவிகளைத் தம் நாட்டிலேயே செய்வித்து, அணுத் துறையில் உழைப்போரின் உயிர்க்குக் காவலாக விதிமுறை வகுத்த பேரறிஞர் ஒருவரின் வாழ்க்கையை இங்குக் காண்போம். அவரே ஹோமி ஜஹாங்கீர் பாபா.

அறியாமையால் நேர்ந்த இழப்பு

1895ஆம் ஆண்டு ஜெர்மனி நாட்டு அறிஞர் ரான்ட்ஜன் எக்ஸ்ரே கதிர்களைக் கண்டுபிடித்தார். உடலைக் கீறாமலேயே எலும்பைப் படம் பிடிக்கும் புதுமையைக் கண்டு உலகம் வியந்தது. அதன் தீமையை அன்று எவரும் அறியவில்லை. மருத்துவர்கள் தங்கள் கைகளையே கதிரின் முன் வைத்துக் கருவிகளைச் சோதித்தனர். தாமஸ் எடிசனின் உதவியாளரான கிளாரன்ஸ் டாலி என்பவர், எக்ஸ்ரே ஆய்வில் ஈடுபட்டுக் கைகள் புண்ணாகி 1904ஆம் ஆண்டு உயிர் நீத்தார். ரேடியத்தைக் கண்டுபிடித்த மேரி கியூரி அம்மையார், பல்லாண்டுகள் பாதுகாப்பின்றிக் கதிர்களிடையே உழைத்தமையால் இரத்தம் சுரக்கும் ஆற்றல் குன்றி 1934ஆம் ஆண்டு மறைந்தார். அளக்காமல் பழகியதற்கு மனித குலம் கொடுத்த விலை இது.

பிறப்பும் கல்வியும்

ஹோமி பாபா 1909ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 30ஆம் நாள் பம்பாய் மாநகரில், பார்சி குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை ஜஹாங்கீர் ஹோர்முஸ்ஜி பாபா ஒரு வழக்கறிஞர். தாயார் பெயர் மெஹர்பாய். வீட்டில் நல்ல நூலகம் இருந்தது. நூல்களோடு இசையும் ஓவியமும் அவருடைய இளமையை வளப்படுத்தின.

பள்ளிப் படிப்பையும் பம்பாயில் தொடக்கக் கல்லூரிப் படிப்பையும் முடித்தபின், 1927ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மகன் பொறியியல் கற்றுத் திரும்பி ஜாம்ஷெட்பூர் இரும்பு ஆலையில் பணியாற்ற வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். மகனின் உள்ளமோ இயற்பியலை நாடியது. தம் ஆவலை மறைக்காமல் தந்தைக்குக் கடிதம் எழுதினார். பொறியியல் தேர்வில் முதல் வகுப்பில் தேறினால், விரும்பிய கல்வியைத் தொடரலாம் என்று தந்தை இசைந்தார். பாபா 1930ஆம் ஆண்டு முதல் வகுப்பில் தேறினார். அதன் பின்னரே கணிதமும் இயற்பியலும் பயின்றார். பெற்றோர் சொல்லையும் காத்தார். தம் விருப்பத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை.

வானிலிருந்து பொழியும் மழை

வானிலிருந்து மிக விரைவாக வரும் நுண்துகள்கள் நம் பூமியின் மேல் இடையறாது பொழிகின்றன. இவற்றை அண்டக் கதிர்கள் என்பர். இவை காற்று மண்டலத்தில் நுழைந்ததும் ஒன்று பலவாகிப் பெருகுவது எவ்வாறு என்பது அந்நாளில் புரியாத புதிராக இருந்தது. பாபாவும் வால்டர் ஹைட்லர் என்னும் ஜெர்மானிய அறிஞரும் சேர்ந்து 1937ஆம் ஆண்டு இப்புதிரை விடுவித்தனர். விரைந்து வரும் மின்னணு ஒன்று காற்றிலுள்ள அணுவின் அருகே செல்லும்போது ஆற்றல்மிக்க கதிரை வெளிவிடுகிறது. அக்கதிர் இரு துகள்களாக மாறுகிறது. அவ்விரண்டும் மேலும் கதிர்களை வெளிவிடுகின்றன. இவ்வாறு ஒரு துளி பெருமழையாகிறது என்று கணிதத்தின் வழி அவர்கள் விளக்கினர்.

இத்தகைய துகள்களை எண்ணுவதற்குப் பயன்படும் கருவிகளுள் ஒன்று கைகர் எண்ணுங்கருவி. அதன் அமைப்பு எளியது. மூடிய உலோகக் குழாயினுள் சிறிது வாயு இருக்கும். நடுவே மெல்லிய கம்பி ஒன்று செல்லும். குழாய்க்கும் கம்பிக்குமிடையே உயர்ந்த மின்னழுத்தம் தரப்படும். கதிர் ஒன்று உள்ளே நுழைந்தால் வாயுவின் அணுக்கள் மின்னேற்றம் பெறும்; கணப்பொழுது மின்சாரம் பாயும்; கருவி டக்கென்று ஒலிக்கும். ஒலி மிகுந்தால் கதிர் மிகுந்துள்ளது என்பது பொருள். நம் டுரியான் துங்கால் நீர்த்தேக்கத்தின் நீர்மட்டத்தை அளவுகோல் கொண்டு அறிவதுபோல, கண்ணுக்குத் தெரியாத கதிரின் மட்டத்தை இக்கருவி அறிவிக்கிறது.

பெங்களூரும் கோலாரும்

1939ஆம் ஆண்டு பாபா விடுமுறைக்காகத் தாயகம் வந்திருந்த வேளையில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. இங்கிலாந்துக்குத் திரும்ப இயலவில்லை. பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். அப்போது அங்கு இயற்பியல் துறைக்குத் தலைமை தாங்கியவர் தமிழகம் ஈன்ற நோபல் பரிசாளர் சர் சி. வி. இராமன் ஆவார். அங்கே அண்டக் கதிர் ஆய்வுப் பிரிவை பாபா நிறுவினார். எண்ணுங்கருவிகளை விமானத்தில் ஏற்றி, ஏறத்தாழ 30,000 அடி உயரம் வரை அனுப்பிக் கதிர்களை அளந்தார். 1941ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ராயல் சங்கம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

1944ஆம் ஆண்டு அவர் டாட்டா அறக்கட்டளைக்கு ஒரு திட்டம் எழுதி அனுப்பினார். அணுவாற்றல் பயன்பாட்டுக்கு வரும் நாளில் நாம் அயல்நாட்டு வல்லுநரை எதிர்பார்க்கலாகாது. நம் இளைஞரை இன்றே பயிற்ற வேண்டும் என்பதே அதன் கருத்து. அதன் பயனாக 1945ஆம் ஆண்டு டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் தோன்றியது.

அந்நிலையத்தார் வானத்தில் மட்டுமன்றிப் பூமியின் அடியிலும் கதிர்களை அளந்தனர். அதற்கு அவர்கள் தேர்ந்த இடம் கோலார் தங்க வயல். நம் முன்னோர் பால்மரக் காடுகளில் உழைக்க மலாயாவுக்குக் கப்பலேறிய காலத்தில், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து எண்ணற்ற தமிழர் கோலார்ச் சுரங்கங்களில் உழைக்கச் சென்றனர். அவர்களின் வியர்வையால் தோண்டப்பட்ட ஆழ்சுரங்கங்களில், 1951ஆம் ஆண்டு முதல் கருவிகள் இறக்கப்பட்டன. மேலுள்ள பாறை, வேண்டாத கதிர்களைத் தடுத்து நிறுத்தியது. 1965ஆம் ஆண்டு, ஏறத்தாழ 2,300 மீட்டர் ஆழத்தில், இந்திய, ஜப்பானிய, ஆங்கிலேய அறிஞர்கள் நியூட்ரினோ என்னும் அரிய துகள் விட்டுச்சென்ற தடயத்தைக் கண்டனர். 2001ஆம் ஆண்டு அச்சுரங்கங்கள் மூடப்பட்டன. எனினும் உலக அறிவியல் வரலாற்றில் அத்தொழிலாளர் தோண்டிய ஆழத்துக்கு அழியா இடம் உண்டு.

திராம்பே நிலையம்

1948ஆம் ஆண்டு இந்திய அணுசக்தி ஆணையம் அமைக்கப்பட்டது. பாபா அதன் தலைவரானார். உறுப்பினர் இருவருள் ஒருவர், தமிழ்நாட்டு வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். 1954ஆம் ஆண்டு பம்பாய்க்கு அருகே திராம்பேயில் அணுசக்தி நிலையம் தொடங்கப்பட்டது. 1956ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 4ஆம் நாள் அங்கே அப்சரா என்னும் அணு உலை இயங்கலாயிற்று. சோவியத் நாடு நீங்கலாக, ஆசியாவிலேயே இயங்கிய முதல் அணு உலை அதுவே. அதற்கு வேண்டிய எரிபொருள் இங்கிலாந்திலிருந்து வந்தது. ஆனால் உலையைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவிகளை ஏ. எஸ். ராவ் தலைமையில் இந்தியப் பொறியாளர்களே செய்தனர். அளக்கும் கருவிக்குப் பிறரிடம் கையேந்தும் நாடு பாதுகாப்பிற்கும் பிறரையே நம்ப நேரும் என்பதை பாபா உணர்ந்திருந்தார்.

தொழிலாளரின் காவல்

அணு நிலையத்தில் பணிபுரிபவர் அறிஞர் மட்டுமல்லர். குழாய் பொருத்துவோர், துப்புரவு செய்வோர், சுமை தூக்குவோர் எனப் பலரும் உண்டு. கதிரைப் பற்றிய நூலறிவு அவர்கள் அனைவர்க்கும் இருக்க இயலுமா? ஆகவே அவர்களைக் காப்பது நிலையத்தின் கடமையாகிறது. இதற்கெனத் திராம்பேயில் ஏ. கே. கங்குலி தலைமையில் ஒரு தனிப் பிரிவு இயங்கியது. 1960ஆம் ஆண்டு பாபா ஓர் ஆணை பிறப்பித்தார். கதிரியக்கப் பொருள்களைக் கையாளும்போது, பணியாளருக்கோ பிறருக்கோ எவ்விதத் தீங்கும் நேரலாகாது. பிற நிறுவனங்களும் பின்பற்றத்தக்க முன்மாதிரியாக இந்நிலையம் விளங்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

இப்பாதுகாப்பு எவ்வாறு செயற்படுகிறது? பணியாளர் ஒவ்வொருவரும் தம் சட்டையில் சிறிய வில்லை ஒன்றை அணிகிறார். தொடக்கத்தில் அதனுள் புகைப்படச் சுருளின் துண்டு வைக்கப்பட்டது. கதிர் பட்ட அளவுக்கு அது கறுக்கும். பின்னர் ஒருவகைப் படிகம் பயனுக்கு வந்தது. கதிரின் ஆற்றலை அது தன்னுள் சேமித்து வைக்கும். சூடாக்கினால் ஒளியாக வெளிவிடும். அவ்வொளியை அளந்து, பணியாளர் மேல் பட்ட கதிரின் அளவைக் குறித்து வைப்பர். அளவு மிகுந்தால் உடனே காரணத்தை ஆராய்வர். அவரை வேறு பணிக்கு மாற்றுவர்.

கதிர் பட்ட அளவை மில்லி சீவர்ட் என்னும் அலகால் குறிப்பர். மண், பாறை, வானம், உணவு ஆகியவற்றிலிருந்து உலக மக்களுக்கு இயற்கையாகவே ஆண்டுக்குச் சராசரி 2.4 மில்லி சீவர்ட் கிடைக்கிறது. கதிரிடையே பணிபுரிவோர்க்கு அதற்கு மேல் ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லி சீவர்ட் என்பது அனைத்துலக அறிஞர் குழுவின் வரம்பு. பொதுமக்களுக்கோ அது 1 மட்டுமே. நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுக்கும்போது நாம் பெறுவது ஏறத்தாழ 0.1 அல்லது அதனினும் குறைவு. எனவே மருத்துவர் வேண்டும் என்றால் நோயாளி அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் நாள்தோறும் பலர்க்குப் படம் எடுக்கும் ஊழியர் சுவருக்குப் பின்னே செல்வதும் வில்லை அணிவதும் ஏன் என்பது இப்பொழுது விளங்கும்.

மருத்துவத்திற்கு ஆற்றிய தொண்டு

கதிரை அளக்கும் அதே கலை நோயைக் கண்டறியவும் உதவுகிறது. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அயோடினை ஈர்த்துக்கொள்ளும் இயல்புடையது. கதிரியக்க அயோடினைச் சிறிதளவு நோயாளிக்கு அருந்தத் தந்து, கழுத்தின் அருகே எண்ணுங்கருவியை வைத்தால், சுரப்பி மிகையாக உழைக்கிறதா, சோர்ந்துள்ளதா என்று கத்தி படாமலேயே அறியலாம். இத்தகைய மருந்துப் பொருள்கள் திராம்பேயில் ஆக்கப்பட்டன. 1962ஆம் ஆண்டு பம்பாய் டாட்டா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை அணுசக்தித் துறையின் பொறுப்பில் வந்தது. 1963ஆம் ஆண்டு பரேல் பகுதியில் கதிரியக்க மருத்துவ மையம் தொடங்கப்பட்டது.

பண்பும் மறைவும்

பாபா சிறந்த ஓவியர், இசையை நேசித்தவர். கட்டடம் எழுப்பும் இடத்தில் நின்ற பெருமரங்களை வெட்டவிடாமல், வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடச் செய்தார். 1955ஆம் ஆண்டு ஜெனீவா நகரில், அணுவாற்றலை அமைதிவழிக்குப் பயன்படுத்துவது பற்றி ஐக்கிய நாடுகள் சபை நடத்திய மாநாட்டுக்குத் தலைமை தாங்கும் பெருமை பெற்றார்.

1966ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 24ஆம் நாள், வியன்னா கூட்டம் ஒன்றுக்கு அவர் சென்ற விமானம் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மோண்ட் பிளாங்க் சிகரத்தில் மோதியது. அதிலிருந்த 117 பேரும் மாண்டனர். அப்போது அவருக்கு வயது 56. 1967ஆம் ஆண்டு திராம்பே நிலையத்திற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. அவர் இட்ட அடித்தளத்தின்மீது தமிழகத்தின் கல்பாக்கத்தில் எழுந்த அணுமின் உலை 1983ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. அதே அடித்தளத்திலிருந்து 1974ஆம் ஆண்டு பொக்ரானில் அணு வெடிப்புச் சோதனையும் பிறந்தது. அறிவு ஒன்றே, அதனை ஆக்கத்துக்கும் அழிவுக்கும் திருப்புவது மனிதனே.

நாம் கற்க வேண்டியது

நம் மலேசியத் திருநாட்டிலும் இத்துறை வளர்ந்துள்ளது. பாங்கியில் 1982ஆம் ஆண்டு முதல் ஆராய்ச்சி அணு உலை இயங்கி வருகிறது. 1984ஆம் ஆண்டு அணுசக்தி உரிமச் சட்டம் இயற்றப்பட்டது. ஈயச் சுரங்கங்களில் எஞ்சிய அமாங் மணலிலும், குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் உள்ள மோனசைட் கனிமம் கதிரியக்கம் உடையது. அவற்றைக் கையாளும் இடங்களிலும் அளக்கும் கருவி தேவைப்படுகிறது.

தோட்டத்தில் களைக்கொல்லி தெளிக்கும் பெற்றோர்களே! கண்ணுக்குத் தெரியாத தீங்கு கதிரில் மட்டுமில்லை. முகமூடியும் கையுறையும் சுமையல்ல. அவை உங்கள் குடும்பத்தின் காவல். அவற்றைக் கேட்டுப் பெறுவது உழைப்பாளியின் உரிமை. தருவது வேலை கொடுப்பவரின் கடமை.

மாணவச் செல்வங்களே! கணிதமும் அறிவியலும் தேர்வுக்காக மட்டும் கற்பவை அல்ல. சரியாக எண்ணவும் அளக்கவும் அறிந்த ஒருவரால் ஆயிரம் உழைப்பாளிகளின் உயிரைக் காக்க முடியும் என்பதற்கு ஹோமி பாபாவின் வாழ்வு சான்று. அவர்போல் விரும்பிக் கற்று, கற்ற அறிவைப் பிறர் நலத்துக்கே பயன்படுத்துவோமாக.