மகாதேவியாரும் அணிற்பிள்ளையும்

கம்பம் பள்ளத்தாக்கில் அணிலைக் காணாத நாள் இராது. தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் வழியாகக் கூடலூர் செல்லும் நெடுஞ்சாலையின் இருமருங்கும் தென்னந்தோப்புகளும் திராட்சைப் பந்தல்களும் வாழைத்தோட்டங்களும் பரந்து கிடக்கின்றன. அவற்றில் எல்லாம் முதுகில் மூன்று வரிகளையுடைய சிற்றணில் ஓடித் திரிகிறது. அருகே உயர்ந்து நிற்கும் மேகமலைக் காடுகளில், மர உச்சியில் கூடு அமைத்து வாழும் சாம்பல் நிறப் பேரணிலும் உண்டு. ஆடித் திங்களில் மலைக் கணவாய்களின் வழியே பெருங்காற்று சீறி வரும்போது, கூடு கலைந்து அணிற்பிள்ளை தரையில் வீழ்வதும், அதனைக் கொத்தத் காகம் வட்டமிடுவதும் அவ்வூர்ச் சிறுவர் அறிந்த காட்சிகளே. ஓடிச்சென்று எடுத்துக் காப்பவரும் உளர். இனி இது பிழைக்காது என்று விட்டுச் செல்பவரும் உளர்.

இவ்வாறு வீழ்ந்த அணிற்பிள்ளை ஒன்று, வடக்கே கங்கையும் யமுனையும் கூடும் பிரயாகை நகரில், பெரும்புலவர் ஒருவருடைய வீட்டுத் தாழ்வாரத்தில் கிடந்தது. அப்புலவரே இந்தி மொழியின் தலைசிறந்த கவிஞர்களுள் ஒருவராகிய மகாதேவி வர்மா அம்மையார்.

மகாதேவியார் 1907-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 26-ஆம் நாள் பரூக்காபாத் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் கோவிந்த பிரசாத வர்மா. தாயார் ஹேமராணி தேவி. அக்குடியில் இருநூறு ஆண்டுகளாகப் பெண்மகவு வளர்ந்ததில்லை. முற்காலத்தில் பெண் குழந்தை பிறந்தவுடனே அதன் உயிரைப் போக்கிவிடும் கொடிய வழக்கமும் அங்கு இருந்ததாக அம்மையாரே பிற்காலத்தில் எழுதியுள்ளார். ஆனால், அவருடைய பாட்டனார் பெண் குழந்தை வேண்டுமென்று துர்க்கையை வழிபட்டவர். ஆதலின் பேத்தி பிறந்ததும் பெருமகிழ்ச்சி கொண்டு மகாதேவி என்று பெயரிட்டார். வேண்டாம் என்று ஒதுக்கப்படும் உயிர் எது என்பதை அறிந்த குடியில், வேண்டிப் பெற்ற மகளாக அவர் வளர்ந்தார்.

ஒன்பதாம் அகவையில், 1916-ஆம் ஆண்டில், அக்கால வழக்கப்படி அவருக்குத் திருமணம் நிகழ்ந்தது. எனினும் அவர் இல்லற வாழ்வை மேற்கொள்ளவில்லை, கல்வியையே பற்றிக்கொண்டார். பிரயாகையில் கிராஸ்த்வெயிட் மகளிர் கல்விக்கூடத்தின் விடுதியில் தங்கிப் பயின்றார். அங்கு அவருக்கு மூத்த மாணவியாக இருந்தவர், பின்னாளில் வீரச்சுவைப் பாடல்களால் புகழ்பெற்ற சுபத்ரா குமாரி சௌகான். தாயார் பாடும் மீராவின் பாடல்களைக் கேட்டு வளர்ந்த மகாதேவியார் மறைவாகக் கவிதை எழுதி வந்ததைச் சுபத்ராவே கண்டுபிடித்து விடுதி முழுவதற்கும் அறிவித்துவிட்டாராம். ஒருமுறை கவிதைப் போட்டியில் மகாதேவியார்க்கு வேலைப்பாடு அமைந்த வெள்ளிக் கிண்ணம் ஒன்று பரிசாகக் கிடைத்தது. அதனைக் காந்தியடிகளிடம் காட்டச் சென்றபோது, அடிகள் அதனைத் தமக்கே தந்துவிடுமாறு கேட்டார், சிறுமியும் கொடுத்துவிட்டார். பரிசு பெற்ற கவிதையைப் படித்துக் காட்டும்படி அடிகள் கேட்கவில்லையே என்பதுதான் அவருக்கு ஏற்பட்ட சிறிய மனக்குறை.

அலகாபாத்துப் பல்கலைக்கழகத்தில் வடமொழியில் முதுகலைப் பட்டம் பெற்றபின், அவர் பிரயாகை மகளிர் வித்யாபீடத்தின் முதல்வர் பொறுப்பை ஏற்றார். பெண்கல்வி அரிதாயிருந்த அந்நாளில் அக்கூடத்தை வளர்ப்பதிலேயே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். 1930-ஆம் ஆண்டில் அவருடைய முதற் கவிதைத் தொகுதி வெளிவந்தது. செயசங்கர் பிரசாதர், நிராலா, சுமித்திரானந்தன் பந்து ஆகிய மூவருடன் சேர்த்து, சாயாவாதம் என்னும் புதுக்கவிதை நெறியின் நான்கு தூண்களுள் ஒருவராக அறிஞர்கள் அவரைப் போற்றினர். வெண்ணிறக் கதராடையும் எளிய உணவுமே அவர் வாழ்க்கை.

தனித்து வாழ்ந்தவர் எனினும் அவர் வீடு தனிமையாக இருந்ததில்லை. நீலகண்டன் என்னும் மயிலும், சோனா என்னும் மான்கன்றும், கௌரா என்னும் பசுவும், நாய்களும் பூனைகளும் முயலும் அவ்வீட்டில் வாழ்ந்தன. விலைக்கு வந்த பறவையையும் தாயை இழந்த கன்றையும் யாரேனும் கொண்டுவந்தால், மறுத்து அனுப்ப அவரால் இயன்றதில்லை. அவற்றுள் மிகச் சிறியதும், அவர் நெஞ்சில் மிக நெருங்கி இடம்பெற்றதும் அந்த அணிற்பிள்ளையே.

ஒருநாட் காலையில் அம்மையார் தம் அறையினின்று தாழ்வாரத்திற்கு வந்தார். பூந்தொட்டி ஒன்றைச் சுற்றி இரண்டு காகங்கள் மாறிமாறிக் கொத்திக்கொண்டிருந்தன. அருகிற் சென்று நோக்கியபோது, தொட்டிக்கும் சுவருக்கும் இடையே மிகச் சிறிய அணிற்பிள்ளை ஒன்று ஒடுங்கிக் கிடந்தது. கூட்டிலிருந்து தவறி வீழ்ந்த அதனைக் காகங்கள் இரையாகக் கண்டுகொண்டன. அலகு பட்டு இரண்டு காயங்கள் ஏற்பட்டிருந்தன. அசைவின்றி, தொட்டியோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது அச்சிற்றுயிர். வீட்டில் இருந்தோர் அனைவரும், காகத்தின் அலகுக்குத் தப்பிய உயிர் பிழைத்ததில்லை, இதனை இப்படியே விட்டுவிடுவதே நன்று என்று கருதினர். அவர்கள் கருத்து இரக்கமின்மையால் எழுந்ததன்று. அந்நிலையில் கிடந்த அணிலைக் கண்டவர் எவரும் அவ்வாறே எண்ணியிருப்பர்.

அம்மையார்க்கு மனம் ஒப்பவில்லை. அதனை மெல்ல எடுத்துத் தம் அறைக்குக் கொண்டுசென்றார். பஞ்சினால் குருதியைத் துடைத்தார். காயங்களின்மேல் பென்சிலின் களிம்பைத் தடவினார். 1928-ஆம் ஆண்டு இலண்டன் மருத்துவமனை ஒன்றில் அலெக்சாண்டர் பிளெமிங் கண்டறிந்த மருந்து அது. இரண்டாம் உலகப்போரில் காயமுற்ற எண்ணற்ற வீரர்களை அம்மருந்து காப்பாற்றியது. அதே மருந்து, உள்ளங்கையில் அடங்கும் ஓர் அணிலுக்கும் பயன்பட்டது.

காயத்திற்கு மருந்து இருந்தது. பசிக்கு உணவூட்டுவதே அரிதாயிற்று. மெல்லிய பஞ்சுத் திரியைப் பாலில் நனைத்து அதன் வாயருகே வைத்தார். வாய் திறக்கவில்லை. பால் துளிகள் இருபுறமும் வழிந்தோடின. மீண்டும் வைத்தார், மீண்டும் வழிந்தன. பல மணி நேரம் கழிந்தபின்னரே ஒரு துளி நீர் அதன் வாயினுள் இறங்கிற்று. பசும்பால் அணிற்பிள்ளையின் வயிற்றுக்கு ஏற்றதன்று என்றும், உடலின் குளிர் நீங்கிக் கதகதப்புப் பெற்ற பின்னரே உணவு ஊட்டுதல் வேண்டும் என்றும் இக்காலத்தில் விலங்கு மருத்துவம் வல்லார் கூறுவர். அம்மையார்க்கு அம்மருத்துவ நூலறிவு இல்லை. ஆனால் ஒரு துளிக்காகப் பல மணி நேரம் காத்திருக்கும் பொறுமை அவரிடம் இருந்தது. கவிஞராகவும் கல்விக்கூடத்தின் தலைவராகவும் விளங்கிய ஒருவர், தம் அலுவல்களை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு பஞ்சுத் திரியுடன் அமர்ந்திருந்தார் என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

மூன்றாம் நாள் அப்பிள்ளை தேறிற்று. நீலப் பளிங்குமணி போன்ற கண்களால் சுற்றிலும் நோக்கியது. தன் இரு சிறு முன்கால்களால் அம்மையாரின் விரலைப் பற்றிக்கொண்டது. மூன்று நான்கு திங்களில், பளபளக்கும் மென்மயிரும் அடர்ந்த வாலும் துறுதுறுத்த கண்களுமாகக் காண்போரை வியக்கவைத்தது. பிழைக்காது என்று சொன்னவர்களும் அவ்வியப்பில் பங்கு கொண்டனர். இந்தியில் அணிலுக்குக் கிலகரி என்று பெயர். அச்சொல்லைச் சுருக்கிக் கில்லு என்று அம்மையார் அதற்குப் பெயரிட்டார்.

நம் நாட்டு அணிலின் முதுகில் மூன்று வரிகள் இருப்பதற்கு இராமபிரான் மூன்று விரல்களால் தடவிக் கொடுத்ததே காரணம் என்று கதை கூறுவர். தொல்காப்பியமும் அணிலை அதன் மூவரியைக் கொண்டே சுட்டுகிறது. கங்கைச் சமவெளியில் மிகுதியாகக் காணப்படும் அணிலுக்கோ ஐந்து வரிகள். வரிகள் வேறுபடினும் குறும்பு ஒன்றே.

மலர் வைக்கும் சிறு கூடையில் பஞ்சைப் பரப்பி, கம்பியால் சாளரத்தில் தொங்கவிட்டார் அம்மையார். அதுவே ஈராண்டுக் காலம் கில்லுவின் வீடு. தானே ஆட்டி, தானே ஆடிக்கொள்ளும் ஊசலும் அதுவே. அம்மையார் எழுத அமர்ந்தால் கில்லுவுக்குப் பொறுக்காது. அவர் காலடி வரை வந்து, சட்டென்று திரைச்சீலையில் ஏறி, அதே விரைவில் இறங்கும். அவர் எழுந்து பிடிக்க வரும் வரையில் இவ்வோட்டம் ஓயாது. சில வேளைகளில் அம்மையார் அதனைப் பிடித்து, நீண்ட கடித உறை ஒன்றினுள் இட்டு, தலையும் முன்கால்களும் மட்டும் வெளியே தெரியும்படி மேசைமேல் நிறுத்தி வைப்பார். அந்நிலையிலேயே அது நெடுநேரம் அவர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும். பசி வந்தால் குரல் கொடுக்கும். முந்திரிப்பருப்போ பிசுகோத்தோ கிடைத்தால், உறைக்குள் இருந்தபடியே கொறிக்கும்.

கில்லுவின் வாழ்வில் முதல் இளவேனில் வந்தது. தோட்டத்து அணில்கள் சாளரத்தின் கம்பிவலைக்கு வெளியே வந்து ஒலி எழுப்பின. உள்ளிருந்து கில்லு அவற்றையே நோக்கியவாறு அமர்ந்திருந்தது. அதனைக் கண்ட அம்மையார், ஆணிகளை அகற்றி வலையின் ஒரு மூலையைத் திறந்துவிட்டார். எளிய செயல்தான், ஆனால் உயிர்கொடுத்து வளர்த்த ஒன்றை, திரும்புமா என்று அறியாமலே வெளியே விடுவது, காயத்திற்குக் களிம்பிட்டதினும் அரிய செயலாகும். வீட்டு நாய் பூனைகளினின்றும் அதனைக் காக்க, அவர் வெளியே செல்லுங்கால் அறைக் கதவு அடைக்கப்பட்டே இருந்தது. கில்லு வலையின் வழியே சென்று தோட்டத்து அணில்களுக்கு எல்லாம் தலைமை பூண்டு கிளைக்குக் கிளை தாவும். மாலை நான்கு மணி ஆனதும் தவறாமல் தன் ஊசலுக்குத் திரும்பும்.

அவ்வீட்டில் எத்தனையோ உயிர்கள் வளர்ந்தன. ஆயினும் அம்மையாரின் உணவுத் தட்டில் பங்கு கேட்கும் துணிவு கில்லு ஒன்றுக்கே இருந்தது. தட்டின்மேலேயே ஏறி அமர முயன்ற அதனை, தட்டின் அருகே அமருமாறு பெரிதும் முயன்று பழக்கினார். அங்கிருந்தபடியே ஒவ்வொரு பருக்கையாக எடுத்துத் தூய்மையாக உண்ணும். முந்திரிப்பருப்பே அதற்கு மிகவும் பிடித்த உணவு. பல நாள் அது கிடைக்காவிடில், கொடுத்த வேறு உணவை ஊசலிலிருந்து கீழே எறிந்துவிடும்.

இந்நிலையில் அம்மையார் மோட்டார் விபத்தொன்றில் காயமுற்று, சில நாட்கள் மருத்துவமனையில் தங்க நேர்ந்தது. அவருடைய அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் கில்லு ஊசலினின்று இறங்கி ஓடிவரும். வந்தவர் வேறொருவர் என்று கண்டதும் அதே விரைவில் கூட்டுக்குத் திரும்பிவிடும். வீட்டார் நாள்தோறும் முந்திரிப்பருப்பைக் கொடுத்து வந்தனர். அம்மையார் வீடு திரும்பி ஊசலைத் தூய்மை செய்தபோதுதான், அப்பருப்புகள் பெரும்பாலும் உண்ணப்படாமல் கிடந்ததைக் கண்டார். அவர் படுக்கையில் இருந்த நாட்களில், கில்லு தலையணையின் அருகே அமர்ந்து, தன் சிறு நகங்களால் அவர் நெற்றியையும் கூந்தலையும் மெல்ல வருடிக்கொண்டிருக்கும். அது விலகிச் சென்றால், பணிவிடை செய்யும் செவிலி விலகியது போன்று அவருக்குத் தோன்றுமாம். கோடை நண்பகலில் அவர் அருகே வைத்திருந்த மண்கூஜாவின்மேல் நீட்டிப் படுத்துக்கொள்ளும். குளிர்ச்சிக்குக் குளிர்ச்சியும் ஆயிற்று. அவரை விட்டு அகலாமலும் இருக்கலாயிற்று.

அணிலின் வாழ்நாள் குறுகியது. ஈராண்டு நிரம்பும் வேளையில் ஒருநாள் கில்லு உணவு ஒன்றும் கொள்ளவில்லை, வெளியேயும் செல்லவில்லை. அன்றிரவு, உயிர் ஊசலாடும் நிலையிலும் ஊசலினின்று இறங்கி அம்மையாரின் படுக்கைக்கு வந்தது. சாகும் நிலையில் கண்டெடுத்தபோது எந்த விரலைப் பற்றிக்கொண்டதோ, அந்த விரலையே மீண்டும் பற்றிக்கொண்டது. அதன் கால்கள் குளிர்ந்திருந்தன. அம்மையார் எழுந்து கணப்பை மூட்டி வெப்பமூட்ட முயன்றார். முன்னர் ஒரு துளி நீரால் மீட்ட உயிரை இம்முறை மீட்க இயலவில்லை. பொழுது புலரும் வேளையில் கில்லு அடங்கிற்று.

பொன்னிற மலர் பூக்கும் சோன்ஜுஹி என்னும் முல்லைக்கொடி அத்தோட்டத்தில் இருந்தது. அதன் இலைச்செறிவில் ஒளிந்திருந்து அம்மையாரைத் திடுக்கிடச் செய்வது கில்லுவின் விளையாட்டு. கில்லுவுக்கு மிகவும் உகந்த அக்கொடியின் அடியிலேயே அதனைப் புதைத்தார்கள். ஊசல் இறக்கி வைக்கப்பட்டது. வலையின் மூலையும் மூடப்பட்டது.

தம்மோடு வாழ்ந்த இவ்வுயிர்களின் வரலாறுகளை எல்லாம் தொகுத்து, என் குடும்பம் என்னும் பொருள்பட மேரா பரிவார் எனப் பெயரிட்டு, 1972-ஆம் ஆண்டில் அம்மையார் நூலாக வெளியிட்டார். 1956-இல் பத்மபூஷண் விருதும், 1982-ஆம் ஆண்டுக்குரிய ஞானபீட விருதும் அவரை அடைந்தன. 1987-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 11-ஆம் நாள் பிரயாகையிலேயே அவர் இயற்கை எய்தினார். கில்லுவின் வரலாறு இந்தி பயிலும் பள்ளிச் சிறுவர்க்குப் பாடமாக வைக்கப்பட்டுப் பல்லாண்டுகள் பயிலப்பட்டு வந்தது.