வில்லியம் கிரகாம் மெக்கைவர்

வில்லியம் கிரகாம் மெக்கைவர் (இறப்பு: 1876) உதகமண்டலம் அரசினர் தாவரவியல் பூங்காவை உருவாக்கிய இசுக்காட்லாந்துத் தோட்டக்கலை வல்லுநர் ஆவார். இலண்டன் கியூ பூங்காவில் பணியாற்றிய இவர் 1848 ஆம் ஆண்டு நீலகிரிக்கு வந்தார்.

தென் அமெரிக்காவின் அந்தீசு மலைப்பகுதியில் காய்ச்சல் மருந்தாக வழங்கிய சிங்கோனா மரப்பட்டையிலிருந்து கொயினா பெறப்படுகிறது. மலேரியாவால் பலர் மாண்டுவந்த அக்காலத்தில் அதன் விலை மிக அதிகமாக இருந்தது. கிளெமென்ட்சு மார்க்கமின் முயற்சியால் 1860-61 காலப்பகுதியில் வந்து சேர்ந்த கன்றுகளையும் விதைகளையும் மெக்கைவர் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வளர்த்தார். நடுவட்டம் தோட்டப் பணியில் சீனக் கைதிகளும் ஈடுபடுத்தப்பட்டனர்.

மரத்தை வெட்டாமல் பட்டையைக் கீற்றுகளாக உரித்து, அவ்விடத்தைப் பாசியால் மூடும் முறையை இவர் கையாண்டார். அங்கு மீண்டும் வளர்ந்த பட்டையில் கொயினா மிகுந்திருந்தது. இதனால் ஒரே மரம் பலமுறை மருந்து தந்தது. இவரது உடல் உதகை தூய இசுடீபன் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது.