அரியலூர் ரயில் விபத்து: லால் பகதூர் சாஸ்திரி ஏன் பதவி விலகினார்?

1956 நவம்பர் 23, விடியும் முன். சென்னையிலிருந்து தூத்துக்குடி போய்க்கொண்டிருந்த எக்ஸ்பிரஸ் ரயில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் ஏறியது. கொட்டித் தீர்த்த மழையில் ஆற்று வெள்ளம் பாதையை அரித்துவிட்டிருந்தது. பெட்டிகள் தண்ணீருக்குள் சரிந்தன. 140-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள்.

அப்போது ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. விபத்துக்கும் அவருக்கும் நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. ஆனாலும் ராஜினாமா கடிதம் கொடுத்தார். அது இரண்டாவது கடிதம். சில மாதங்களுக்கு முன் மகபூப்நகரில் நடந்த விபத்தில் 100-க்கும் அதிகமானோர் பலியானபோதே அவர் விலக முன்வந்தார். பிரதமர் நேரு அப்போது ஏற்கவில்லை. இந்த முறை ஏற்றுக்கொண்டார். சாஸ்திரி மீது தவறு என்பதற்காக அல்ல, அமைச்சரின் பொறுப்புக்கு ஒரு முன்மாதிரி வேண்டும் என்பதற்காகவே ஏற்பதாக நாடாளுமன்றத்தில் விளக்கமும் கொடுத்தார்.

ஆறு மாதம்கூட ஆகவில்லை, 1957 தேர்தலில் அலகாபாத்தில் ஜெயித்து மறுபடி அமைச்சராகிவிட்டாரே, இதில் என்ன பெரிய தியாகம் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் விலகும்போது திரும்பி வருவோம் என்று அவருக்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை. சொத்து, தொழில் என்று விழுந்தால் தாங்கிப்பிடிக்கவும் எதுவும் இல்லை. 1904-ல் முகல்சராயில் பிறந்தவர். ஒன்றரை வயதிலேயே அப்பாவை இழந்தவர். ‘சாஸ்திரி’ என்பதும் சாதிப் பெயர் இல்லை, காசி வித்யாபீடத்தில் வாங்கிய பட்டம். சாதியைக் காட்டும் ஸ்ரீவாஸ்தவா என்ற பெயரை அவர் சின்ன வயதிலேயே விட்டுவிட்டார்.

1964 மே மாதம் நேரு மறைந்தார். காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜர் கட்சிக்குள் எல்லோரிடமும் பேசி, போட்டி இல்லாமல் சாஸ்திரியைப் பிரதமராக்கினார். உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான் வந்தது. அதுவும் தமிழ்நாட்டிலிருந்து.

1965 ஜனவரி 26 முதல் இந்தி ஆட்சிமொழி. எதிர்த்து மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். தீக்குளிப்பு, துப்பாக்கிச் சூடு என்று மாநிலமே கொதித்தது. இந்தி பேசாத மக்களுக்கு நேரு கொடுத்த வாக்குறுதி என்ன ஆனது என்ற கேள்விக்கு டெல்லியிலிருந்து தெளிவான பதில் வரவில்லை. இங்கே சாஸ்திரி தாமதித்தார் என்பதை மறைக்க முடியாது.

பிப்ரவரி 11 அன்று மத்திய அமைச்சர்கள் சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அழகேசனும் ராஜினாமா செய்தார்கள். இந்த அழகேசன்தான் அரியலூர் விபத்தின்போது ரயில்வே துணை அமைச்சர்! அன்று சாஸ்திரி கடிதம் கொடுக்கும் இடத்தில் இருந்தார். இப்போது வாங்கும் இடத்தில். அன்றிரவே வானொலியில் பேசினார். இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும் என்று உறுதி கொடுத்தார். இரண்டு அமைச்சர்களும் பதவியில் நீடித்தார்கள். அந்த உறுதிமொழிக்குச் சட்ட வடிவம் கிடைத்தது அவர் இறந்த பிறகு, 1967 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தில்.

அதே ஆண்டு பாகிஸ்தானுடன் போர், கூடவே உணவுப் பஞ்சம். வாரம் ஒரு வேளை சாப்பாட்டை விட்டுக்கொடுங்கள் என்று மக்களைக் கேட்டார். கேட்பதற்கு முன் தன் வீட்டில் அதைச் செய்து பார்த்தார். உணவு அமைச்சராக இருந்த சி.சுப்பிரமணியம் வீரிய கோதுமை விதைகளுக்காக வாதாடியபோது பின்னால் நின்றவரும் அவர்தான்.

1966 ஜனவரி 10 தாஷ்கண்டில் பாகிஸ்தானுடன் ஒப்பந்தம். சில மணி நேரத்தில், 11-ம் தேதி அதிகாலை, அங்கேயே இறந்தார். பிரதமரான பிறகு 12,000 ரூபாய்க்கு வாங்கிய ஃபியட் காருக்கு பஞ்சாப் நேஷனல் வங்கியில் எடுத்த 5,000 ரூபாய் கடன் பாக்கி நின்றது. மனைவி லலிதா, தனக்கு வந்த பென்ஷனிலிருந்து அதை அடைத்தார்.