பெரியபாளையம் தந்த வள்ளல் பச்சையப்பர்

திருவள்ளூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடைப்பட்ட நாட்டில், ஆரணியாற்றின் கரையில் பெரியபாளையம் அமைந்துள்ளது. ஆடித் திங்களில் பவானியம்மன் திருவிழாவுக்குத் திரளும் மக்களால் புகழ்பெற்ற ஊர் அது. தமிழகக் கல்வி வரலாற்றில் நிலைத்த பெயர் ஒன்றும் அங்கேதான் தோன்றியது என்பதை அவ்வழியே தொழிற்பேட்டைக்கு நாள்தோறும் சென்று வருவோருள் பலர் அறியார்.

காஞ்சிபுரத்து விசுவநாத முதலியார் என்பவர் காலமானபோது அவருடைய மனைவி பூச்சியம்மாள் கருவுற்றிருந்தார். இரண்டு பெண் மக்கள் ஏற்கெனவே இருந்தனர். ஆதரவற்று நின்ற அக்குடும்பத்தைக் கணவரின் நண்பரான ரெட்டி ராயர் பெரியபாளையத்திற்கு வரவழைத்துத் தம் பாதுகாப்பில் வைத்துக்கொண்டார். அங்கு 1754ஆம் ஆண்டு பிறந்த ஆண் குழந்தையே பச்சையப்பர். தந்தையின் முகத்தை அவர் கண்டதில்லை. முதல் உணவும் முதல் உடையும் உறவினர் அல்லாத ஒருவரின் நன்மனத்தால் அவருக்குக் கிடைத்தன.

பச்சையப்பர் சைவ நெறியில் நின்றவர், சமணர் அல்லர். ஆயினும் நம் சான்றோர் வகுத்த இல்லற ஒழுக்கத்தை அருகில் வைத்துப் பார்க்கத்தக்க வாழ்க்கை அவருடையது. ஹேமசந்திரர் தம் யோகசாத்திரத்தில் நல்வழியில் நடக்கும் இல்லறத்தானுக்கு 35 பண்புகளைக் கூறுகின்றார். அவற்றுள் முதலாவது, நேர்மையான வழியில் ஈட்டிய பொருள் உடைமை. செய்ந்நன்றி அறிதலும் அவ்வரிசையில் இடம் பெறுகின்றது. இவ்விரண்டும் ஒரே மனிதரிடத்தில் எவ்வாறு பொருந்தும், எங்கே உரசும் என்பதைப் பச்சையப்பரின் வரலாறு காட்டுகின்றது.

ரெட்டி ராயர் மறைந்தபின் பூச்சியம்மாள் மீண்டும் ஆதரவற்றவரானார். மூன்று பிள்ளைகளுடன் அவர் சென்னைப் பட்டினத்தை அடைந்தார். அங்கே பவுனி என்னும் ஆங்கிலேயரிடம் துபாஷியாக இருந்த நாராயண பிள்ளை அக்குடும்பத்தை ஏற்றுக்கொண்டார். பவுனி நாராயண பிள்ளை என்றே ஊரார் அவரை அழைத்தனர். சிறுவன் ஆங்கிலமும் கணக்கும் வணிக நுணுக்கங்களும் கற்றது அவருடைய அரவணைப்பில்தான். ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் கைகொடுத்ததால் ஓர் உயிர் நிலைபெற்றது. உயிர்கள் ஒன்றற்கொன்று துணையாவன என்று உமாசுவாமி தத்துவார்த்த சூத்திரத்தில் உரைத்ததையே சமணச் சின்னத்தின் அடியில் பொறித்து வைத்திருக்கிறோம். பச்சையப்பர் அந்நூலை அறிந்திருக்க வேண்டியதில்லை. அவருடைய இளமையே அதற்கு உரையாக அமைந்தது.

துபாஷி என்றால் இருமொழி வல்லவர் என்பது பொருள். கும்பினி அலுவலர்க்கும் வணிகர்க்கும் நாட்டின் மொழி தெரியாது. நாட்டாருக்கு அவர்கள் மொழி தெரியாது. இடையில் நின்று பேசுபவர் துபாஷி. நாளடைவில் அவர் பேச்சுக்கு மட்டும் பொறுப்பாளராக இருக்கவில்லை. சரக்குக் கொள்முதல், வட்டிக் கடன், வரிவசூல், குத்தகை அனைத்தும் அவர் கை வழியே நடந்தன. ஒவ்வொன்றிலும் அவருக்கு ஒரு பங்கு உண்டு. இளமையிலேயே இத்தொழிலில் நுழைந்த பச்சையப்பர் விரைவில் பெருஞ்செல்வர் ஆனார். தஞ்சை மன்னர் அமர்சிங் கும்பினிக்குச் செலுத்த வேண்டிய தொகைகளுக்குக் கடன் கொடுக்கும் அளவுக்கு அவர் செல்வம் வளர்ந்தது.

இங்கே சற்று நின்று எண்ண வேண்டும். அக்காலம் நாட்டுக்கு நற்காலம் அன்று. 1780இல் ஹைதர் அலியின் படை கருநாடகப் பகுதிக்குள் புகுந்தது. காஞ்சிக்கு அருகே பொள்ளிலூரில் பெரும்போர் நிகழ்ந்தது. ஊர்கள் எரிந்தன, ஏரிகள் சிதைந்தன, பஞ்சம் தொடர்ந்தது. அரசர் கும்பினிக்குக் கட்டும் பணம் இறுதியில் உழுபவனின் களத்துமேட்டிலிருந்து வருவது. அதற்குக் கடன் கொடுத்தவரின் வட்டியும் அங்கிருந்தே வந்திருக்க வேண்டும். பச்சையப்பர் தனிப்பட்ட முறையில் கொடியவராக இருந்தார் என்று கூறச் சான்றில்லை. எனினும் ஹேமசந்திரரின் முதற்பண்பைக் கொண்டு அளந்தால், துபாஷிகளின் செல்வம் முழுவதும் மாசற்றது என்று எவரும் துணிந்து சொல்ல இயலாது. வள்ளல்களின் வரலாற்றை எழுதுவோர் இப்பகுதியை விரைவாகக் கடந்து விடுகின்றனர். கடக்காமல் பார்த்தால்தான் அவர் பிறகு செய்த செயலின் எடை தெரியும்.

சென்னையில் கூவம் ஆற்றின் கரையில் உள்ள கோமளீசுவரன்பேட்டையில் அவர் வீடு கட்டி வாழ்ந்தார். நாள்தோறும் கூவத்தில் நீராடிக் கோமளீசுவரரை வழிபட்டு வந்தார் என்று கூறப்படுகின்றது. இன்றைய கூவத்தை அறிந்தவர்க்கு இச்செய்தி வியப்பளிக்கலாம். அன்று அது நீராடத்தக்க நதி. அவருடைய கொடைகள் அவர் காலத்திலேயே தொடங்கிவிட்டன. கோயில்களுக்குக் கட்டளைகள், வழிப்போக்கர்க்குச் சத்திரங்கள், பசித்தவர்க்கு அன்னம் எனப் பல அறங்களை அவர் செய்தார். சிதம்பரம் நடராசர் கோயிலின் கிழக்குக் கோபுரத் திருப்பணியோடும் அவர் குடும்பத்தின் பெயர் இணைந்துள்ளது.

சாவகர்க்குரிய நோன்புகளுள் அதிதி சம்விபாகம் என்று ஒன்று உண்டு. தான் உண்பதற்கு முன் வந்தவர்க்குப் பங்கிடுதல் என்று அதை எளிமையாகச் சொல்லலாம். பெருந்தொகை சேர்ந்தபின் ஒருநாள் செய்வோம் என்று ஒத்திவைக்க இடம் தராத நோன்பு அது. ஒவ்வொரு வேளை இலையின் முன்னும் வந்து நிற்பது. பொருளுக்கு அளவு குறித்துக்கொள்ளும் அணுவிரதமும் அத்தகையதே. இல்லறத்தான் உடலில் வலிமை உள்ளபோதே தனக்கு இவ்வளவு போதும் என்று வரையறுத்து, மிகுந்ததை அறத்திற்கு விடுகின்றான். பச்சையப்பர் சத்திரங்களையும் அன்னதானங்களையும் ஏற்படுத்தியபோது முதல் நோன்பின் வழியில் நடந்தார் எனலாம். இரண்டாவதை அவர் வாழ்நாளின் கடைசி வாரத்தில்தான் எட்டினார்.

தஞ்சைப் பகுதியில் தொழில் நிமித்தம் தங்கியிருந்தபோது அவர் நோயுற்றார். 1794 மார்ச் 22ஆம் நாள் கும்பகோணத்தில் உயில் எழுதினார். அப்போது அவருக்கு வயது நாற்பது. இரண்டு மனைவியர் இருந்தனர். ஆண் மகவு இல்லை. காசி முதல் கன்னியாகுமரி வரையுள்ள திருத்தலங்களில் வழிபாட்டுக்கும் அன்னதானத்துக்கும் பிற அறங்களுக்கும் தம் செல்வத்தை அவ்வுயிலில் ஒப்படைத்தார். அறங்களுக்கென ஒரு லட்சம் வராகன் குறிக்கப்பட்டது. ரூபாய்க் கணக்கில் ஏறத்தாழ மூன்றரை லட்சம். நிறைவேற்றும் பொறுப்பை வேறு யாரிடம் கொடுப்பார்? தம்மை வளர்த்த நாராயண பிள்ளையையே நம்பினார். ஒன்பது நாள் கழித்து, மார்ச் 31ஆம் நாள், காவிரிக் கரையிலுள்ள திருவையாற்றில் உயிர் நீத்தார்.

ரெட்டி ராயரோ மறைந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. அவரிடம் பெற்ற உதவியை அவருக்கே திருப்பித் தரும் வழி பச்சையப்பருக்கு இல்லை. பெற்றவரிடமே திருப்பித் தர இயலாத கடன்கள் எல்லார் வாழ்விலும் உண்டு. தாய்ப்பாலுக்கும், முதல் எழுத்தைக் கற்பித்த ஆசிரியருக்கும், வழியில் தண்ணீர் தந்த பெயரறியாத கைக்கும் கணக்குத் தீர்க்க முடிவதில்லை. முன்னே நிற்பவருக்குக் கொடுத்துத்தான் அக்கடன் கழிய வேண்டும். அநாதையாகப் பிறந்து பிறர் சோற்றில் வளர்ந்தவர், தாம் ஒருபோதும் காணப்போகாத காசி யாத்திரிகனின் பசிக்குத் தம் பொருளை எழுதி வைத்தார்.

எழுதி வைத்தது உடனே நடந்தேறவில்லை. அவர் கண்ணை மூடியதும் சொத்தைச் சுற்றிப் பூசல் எழுந்தது. மனைவியர், உறவினர், உரிமை கோரியோர் எனப் பலர் வழக்காடினர். நிறைவேற்றுநரும் மறைந்தார். ஆண்டுகள் பத்தாயின, இருபதாயின, முப்பதாயின. அறத்திற்கென்று எழுதிய பணம் கணக்கேடுகளிலும் வழக்குக் கட்டுகளிலும் தங்கிக் கிடந்தது. தானத்தின் சிறப்பு முறை, பொருள், கொடுப்பவர், பெறுபவர் ஆகிய நான்கினால் வேறுபடும் என்கின்றது தத்துவார்த்த சூத்திரம். பச்சையப்பரிடம் பொருள் இருந்தது. கொடுக்கும் உள்ளம் இருந்தது. பெறுவோர் எண்ணற்றோர் இருந்தனர். முறைதான் தளர்ந்தது. நோய்ப்படுக்கையில் எழுதிய ஏட்டை நம்பி விட்டுச்சென்ற அறத்தைக் கண்ணிருக்கும்போதே கையால் தொட்டு நடத்தி நிலைநிறுத்தியிருந்தால், இந்த நாற்பதாண்டுக் காலத்தில் எத்தனை இலைகளில் சோறு விழுந்திருக்கும்!

அந்தத் தளர்ச்சியை நிமிர்த்தியவர்கள் அவருக்கு எவ்வகையிலும் கடன்படாதவர்கள். சென்னைச் சுப்ரீம் கோர்ட்டு இவ்வறத்தைத் தன் மேற்பார்வையில் எடுத்துக்கொண்டது. அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் இவ்வழக்கில் தனி அக்கறை காட்டினார். நகரத்துப் பெரியோர் தர்மகர்த்தாக்களாகப் பொறுப்பேற்றனர். முடங்கிக் கிடந்த காலத்தில் வட்டி சேர்ந்து தொகை ஏறத்தாழ எட்டு லட்சம் ரூபாயாகப் பெருகியிருந்தது. உயிலில் கண்ட திருக்கோயில் அறங்களுக்கு உரியதை ஒதுக்கியபின் எஞ்சியது சுமார் நாலரை லட்சம். அதை ஏழைப் பிள்ளைகளின் கல்விக்குச் செலவிடலாம் என்று திட்டம் வகுக்கப்பட்டது. நம் மரபில் உணவு, மருந்து, அபயம், சாத்திரம் எனத் தானம் நான்கு வகைப்படும். உணவுத் தானத்திற்கென்று புறப்பட்ட செல்வம் வழியில் தடைப்பட்டு, தேங்கி, சாத்திர தானமாகவும் கிளைத்தது.

1842 ஜனவரி 1ஆம் நாள் சென்னை பிராட்வேயில் பச்சையப்பன் பள்ளி திறக்கப்பட்டது. அரசின் பணமும் இல்லாமல், பாதிரிமார் சபைகளின் பணமும் இல்லாமல், இந்நாட்டார் ஒருவரின் கொடையால் ஆங்கிலக் கல்வி தரும் பள்ளி எழுந்தது அந்நாளில் புதுமை. 1846இல் எஸ்பிளனேடு பகுதியில் அடிக்கல் நாட்டி, கிரேக்கக் கோயிலின் வடிவில் உயர்ந்த தூண்களுடன் கட்டிய மண்டபம் 1850இல் திறக்கப்பட்டது. இன்றும் அது பச்சையப்பன் மண்டபம் என்றே வழங்குகின்றது. பள்ளி 1889இல் கல்லூரியாக உயர்ந்தது. 1940இல் சேத்துப்பட்டில் இப்போதுள்ள இடத்திற்குக் கல்லூரி மாறியது. காஞ்சிபுரத்திலும் சிதம்பரத்திலும் பச்சையப்பர் பெயரால் பள்ளிகள் அமைந்தன.

குறையும் இல்லாமல் இல்லை. கல்லூரி நெடுங்காலம் இந்து மாணவர்க்கே உரியதாக இருந்தது. ஒடுக்கப்பட்ட வகுப்பினர்க்கு அதன் கதவு தாமதமாகத்தான் திறந்தது. எல்லாச் சமயத்தாரும் சேரலாம் என்ற நிலை 1947இல் வந்தது. பெரியபாளையத்தில் சாதியும் உறவும் கேளாமல் ஒரு விதவைக்கு வீடு கொடுத்தவரின் அறம், அவர் வளர்த்த பிள்ளையின் பெயரால் அமைந்த நிறுவனத்தை முழுமையாக வந்தடைய அத்தனை காலம் பிடித்தது.

உயில் எழுதப்பட்ட கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுசன் என்னும் ஏழை மாணவர் 1906இல் இக்கல்லூரியில் சேர்ந்தார். கணிதம் தவிர மற்றப் பாடங்களில் அவர் தேறவில்லை, பட்டமின்றியே வெளியேறினார். உலகம் அவரைப் பின்னர் அறிந்துகொண்டது. மு. வரதராசனார் இங்கே பல ஆண்டுகள் தமிழ் கற்பித்தார். பச்சையப்பரின் தந்தை ஊரான காஞ்சிபுரத்தில், நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணாதுரை அங்குள்ள பச்சையப்பன் பள்ளியில் பயின்றார். வீட்டின் வறுமையால் இடையில் நகராட்சியில் எழுத்தராக வேலை பார்த்தார். பிறகு சென்னைக்கு வந்து இக்கல்லூரியில் சேர்ந்து 1934இல் பட்டம் பெற்றார்.