ரஹீம் ஸாஹேப்

1909-ல் பிறந்த ஜனாப் ஸையத் அப்துல் ரஹீம் ஹைதராபாத்தில் பாடசாலை உபாத்தியாயர். அந்நகரப் போலீஸ் கால்பந்துக் கோஷ்டியைத் திருத்தியமைத்த அவர், 1950 முதல் இந்தியக் கோஷ்டியைப் பயிற்றுவித்தார். 1951-ல் டில்லி ஆசிய விளையாட்டில் தங்கப் பதக்கமும், 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் ஸ்தானமும் நமக்குக் கிட்டின. 1960-ல் ரோமாபுரியில் தமிழர் சைமன் சுந்தரராஜ் பெரு தேசத்தாருக்கெதிராகக் கோல் போட்டதும் அவர் பயிற்சியிலேதான்; ஒலிம்பிக்கில் இந்தியா போட்ட கடைசிக் கோல் அதுவே.

1962-ல் நோயுற்ற உடலோடு ஜகார்த்தா சென்றார். அங்கே ஜனத்திரள் நம்மவரை ஏளனம் செய்து கூச்சலிட்டது. தலையில் தையலிட்டிருந்த பின்னணி வீரர் ஜர்னைல் சிங்கை அவர் முன்னணியில் நிறுத்தினார். ஜர்னைல் கோல் போட்டார். தென் கொரியா 2-1 என்று தோற்றது. மறுவருஷம் ஜூன் 11-ந் தேதி ரஹீம் புற்றுநோயால் காலமானார். அதன்பின் ஆசியத் தங்கம் நம் கால்பந்துக் கோஷ்டிக்குக் கிட்டவேயில்லை. அவ்வுபாத்தியாயரை மறந்த தேசம் அவ்வெற்றியை மீண்டும் அடைவது எங்ஙனம்?