அருகில் இருப்பதைப் பார்த்தவர்

மழை விட்ட காலைகளில், ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையோரத்து முந்திரித் தோப்புகளில், கைப்பேசியைத் தரையோடு தரையாகப் பிடித்துக் குனிந்திருக்கும் இளைஞர்களை இப்போதெல்லாம் அடிக்கடி காண்கிறேன். செம்மண்ணில் ஊரும் தம்பலப்பூச்சி, வேலியில் அமர்ந்த கும்பிடுபூச்சி, மணலில் குழி பறித்துக் காத்திருக்கும் குழியானை என அவர்கள் எடுக்கும் படங்கள் அழகானவை. படத்திலிருப்பது என்ன என்று கேட்டால் மட்டும் பலரிடம் விடை இல்லை. அந்தச் சிவப்புப் பட்டுப்பூச்சிக்குச் சங்கப் புலவர்கள் மூதாய் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். அதற்கு எட்டுக் கால்கள் என்பதால் அது பூச்சி இனமே அல்ல, சிலந்தியின் உறவு. இவற்றையெல்லாம் ஒருசேர அறிந்திருந்த ஒரு தமிழரை நான் அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். அவர் மா. கிருஷ்ணன்.

கிருஷ்ணன் பூச்சிகளுக்கென்றே வாழ்ந்தவர் அல்லர். நாடறிய அவருக்குப் பெயர் தேடித் தந்தவை யானைப் படங்கள். ஆனால் அவருடைய எழுத்தைத் தொடர்ந்து படிப்பவர், யானையைவிட அதிகமாக அணிலையும், காகத்தையும், சுவர்ப் பல்லியையும், ஓணானையும், புள்ளி ஆந்தையையும்தான் அங்கே சந்திப்பார். கொல்லைப்புறத்தில் கிடைப்பதைப் பார்க்கத் தெரியாதவனுக்குக் காட்டிலும் ஒன்றும் கிடைக்காது என்பதை நான் அவரைப் படித்தே உணர்ந்தேன்.

1912 ஜூன் 30 அன்று திருநெல்வேலியில் பிறந்த அவர், 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி. அரசுப் பணியிலிருந்து விலகி 'பஞ்சாமிர்தம்' என்ற இதழை நடத்திய மாதவையா, 1925-இல் சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிக் குழுக் கூட்டத்தில், பட்டப் படிப்பில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று பேசிய சற்று நேரத்தில் அங்கேயே உயிர் நீத்தார். கிருஷ்ணனுக்கு அப்போது வயது 13. தந்தை விட்டுச் சென்ற மயிலாப்பூர் வீட்டைச் சுற்றி அந்நாளில் புதரும் வெட்டவெளியும் மிகுந்திருந்தன. அதுவே அவருக்கு முதல் பள்ளி.

மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பயின்றபோது பேராசிரியர் பி.எஃப். ஃபைசன் வாய்த்தார். நீலகிரி, பழனி மலைகளின் தாவரங்களைப் பற்றி நூல் எழுதிய அறிஞர் அவர். அவரோடு மலைகளில் அலைந்து செடிகளைக் கற்ற கிருஷ்ணன், அவருடைய மனைவியிடம் நீர்வண்ண ஓவியமும் கற்றார். ஓவியம் பயின்றவனின் கண் இதழ்களை எண்ணும், காம்பின் வளைவைக் கவனிக்கும். பின்னாளில் அவர் எடுத்த புகைப்படங்களின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

சட்டமும் படித்தார், அத்தொழிலில் நிலைக்கவில்லை. 1942-இல் பெல்லாரிக்கு அருகிலிருந்த சந்தூர் சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மன்னரின் அரசியல் செயலர் என்று பல பொறுப்புகளை அங்கே வகித்தார். அலுவல் போக மீந்த பொழுதில் குன்றுகளில் திரிந்தார். ஆடு மேய்த்துப் பார்த்தார். கடிதம் கொண்டு செல்லப் புறாக்களை வளர்த்தார். சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்ததும் சென்னை திரும்பினார். மாதச் சம்பளத்தை மீண்டும் நாடாமல், எழுத்தும் படமுமே பிழைப்பு என்று துணிந்தார். இன்றும்கூடத் தமிழ்நாட்டில் அது எளிய முடிவன்று.

1950-இல் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் அவருடைய 'கன்ட்ரி நோட்புக்' என்ற பத்தி தொடங்கியது. இரு வாரங்களுக்கு ஒருமுறை வெளிவந்த அப்பத்தி 46 ஆண்டுகள் நீடித்தது. கோட்டோவியமோ புகைப்படமோ, உடன் வருவதும் பெரும்பாலும் அவர் கைவண்ணமே. பிரான்சில் ழான் ஹென்றி ஃபேபர் என்ற ஏழை ஆசிரியர், 1879-இல் வாங்கிய ஒரு கற்காட்டு நிலத்தில் குளவிகளையும் வண்டுகளையும் கவனித்து, பத்துத் தொகுதிகள் எழுதி முடித்தார். அந்தப் பொறுமைக்கு ஈடாக நம்மிடையே ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் நான் கிருஷ்ணனைத்தான் சொல்வேன்.

அவருடைய கேமரா தனிக் கதை. ஒரு நிறுவனத்தின் உடற்பகுதி, வேறொரு நிறுவனத்தின் தொலைநோக்கு லென்ஸ், இன்னும் எங்கெங்கோ கிடைத்த உதிரி பாகங்கள் என எல்லாவற்றையும் தாமே பொருத்தி உருவாக்கிய கனத்த கருவி அது. 'சூப்பர் பாண்டரோஸா' என்று அதற்குப் பெயர். நண்பரான இயற்கையியலாளர் இ.பி. ஜீ அதைக் கேலி செய்து எழுதியிருக்கிறார். அதைச் சுமந்துகொண்டு நடந்தும், பழக்கிய யானையின் முதுகில் அமர்ந்தும் கிருஷ்ணன் படமெடுத்தார். எல்லாம் கறுப்பு வெள்ளை. அவர் படத்தில் விலங்கு தனித்து நிற்பதில்லை. அதைச் சுற்றி மூங்கிலும் புல்லும் நிழலும் இருக்கும். அது எங்கே, எதை நம்பி வாழ்கிறது என்பது புலப்படும்.

இன்றைய நுண்படக் கலையில் நான் தேடுவதும் இதைத்தான். பூச்சியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மந்தப்படுத்துவதும், தவளையை நூலால் கட்டி நிறுத்தி நூலைப் பிறகு கணினியில் அழிப்பதும் உலகில் பல இடங்களில் நடக்கின்றன. பின்னணி முழுவதும் மங்கி, கண் மட்டும் கண்ணாடிக் கோளமாக ஒளிரும் படங்கள் பரிசு பெறுகின்றன. அந்தப் பூச்சி எந்தச் செடியில் இருந்தது என்று கேட்பார் இல்லை.

செடியைப் பற்றிய அக்கறை கிருஷ்ணனுக்குப் பிடிவாதமாகவே இருந்தது. விலங்கை மட்டும் காத்துவிட்டு மண்ணுக்குரிய மரத்தை வெட்டினால் பயனில்லை என்றும், சாலையோரங்களில் அயல்நாட்டு மரங்களை நடுவது தவறு என்றும் அவர் ஓயாது எழுதினார். எங்கள் வட்டாரத்தின் தைலமரத் தோப்புகளைக் கடக்கும்போது அந்த வாதத்தின் வலு எனக்கு விளங்குகிறது. எங்களுக்குச் சோறு போடும் முந்திரியும் பிரேசிலிலிருந்து வந்ததுதான். அதற்கு அவர் என்ன சொல்லியிருப்பாரோ! முந்திரி விவசாயிக்குத் தேயிலைக் கொசுவும் தண்டு துளைப்பானும் நன்றாகத் தெரியும். அவை அவருடைய வருமானத்தைத் தின்பவை. தீங்கும் செய்யாத, உடனடி லாபமும் தராத உயிர்களுக்குத்தான் நம் கவனத்தில் இடமில்லை.

பள்ளிகளின் இயற்கைப் பாட நூல்களைப் பற்றி 1947-இலேயே அவர் கடுமையாக எழுதினார். ஆங்கிலம், தமிழ், கன்னடம் என்று பல நூல்களைப் படித்துப் பார்த்துவிட்டு, பிழைகள் மலிந்திருப்பதையும், நம் ஊர் உயிர்களுக்கு அவற்றில் உரிய இடம் இல்லாததையும் கண்டு மனம் வருந்தினார். 1968 முதல் 1970 வரை நேரு ஆய்வு நல்கை பெற்றுத் தீபகற்ப இந்தியாவின் பாலூட்டிகளை ஆராய்ந்தார். பத்மஸ்ரீ விருதும் வந்தது. இருந்தும் வடக்கே அவரைப் படித்தவர்கள் அளவுக்கு இங்கே படித்தவர்கள் இல்லை. துப்பறியும் நாவல் உள்படத் தமிழிலும் எழுதியவர் அவர் என்பது பலருக்கு வியப்பாக இருக்கக்கூடும்.

1996 பிப்ரவரி 18 அன்று சென்னையில் காலமானார். அதுவரை பத்தி நிற்கவில்லை. அவருடைய தமிழ்க் கட்டுரைகள் சு. தியடோர் பாஸ்கரனின் முயற்சியால் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலாயின. ஆங்கிலப் பத்திகளில் பெரும்பகுதி இன்னும் தமிழுக்கு வரவில்லை. அணிலையும் பல்லியையும் காகத்தையும் பற்றிய இருபது கட்டுரைகளையாவது அவருடைய ஓவியங்களோடு தமிழாக்கி, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் துணைப்பாட நூலாகக் கொடுக்கலாம். அதற்குப் பெரிய செலவு ஆகாது.